அணிலுக்கு முன்னால் பறித்துவிடுங்கள்

கேள்வி: வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா, ஒரு சப்போட்டா நிற்கின்றன. காய்ப்புக்குக் குறைவில்லை. ஆனால் பகலில் அணிலும் கிளியும், ராத்திரியில் வௌவாலும் தின்றது போக எங்களுக்கு நாலைந்துதான் மிஞ்சுகிறது. பழைய மீன்வலையை மரத்தின் மேல் போர்த்தச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?

பதில்: மீன்வலை வேண்டாம். அந்த மெல்லிய நரம்பில் வௌவால் சிக்கினால் விடிவதற்குள் இறக்கையைக் கிழித்துக்கொள்ளும். எடுத்துவிடப் போகிற உங்களையும் கடிக்கும். போதாததற்கு, முன்பு தொல்லை விலங்குப் பட்டியலில் இருந்த பழந்தின்னி வௌவாலை 2022-இல் வந்த சட்டத் திருத்தம் பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஆக்கிவிட்டது. கிளியும் அப்படித்தான்.

சப்போட்டாவுக்கு வலையே தேவையில்லை. அது மரத்தில் பழுக்க வேண்டிய அவசியம் இல்லாத காய். முற்றியதும் தோலில் இருக்கும் பழுப்புத் தூள் விரல் பட்டாலே உதிரும். நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்து பால் வடிந்தால் விட்டுவிடுங்கள். மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம். கழுவித் துடைத்து, பால் உலர்ந்ததும் வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் ஒரு வாரத்தில் பழுத்துவிடும். வௌவால் தேடி வருவது பழுத்த வாசனைக்கு. கல் மாதிரி இருக்கும் காய் அதற்கு எதற்கு?

கொய்யாதான் கொஞ்சம் வேலை வாங்கும். மரம் முழுக்க மூடப் பார்க்காதீர்கள், கைக்கு எட்டும் முப்பது நாற்பது காய்களை மட்டும் காப்பாற்றுங்கள். துணிப்பை கட்டினால் பழ ஈ வராது, ஆனால் அணில் ஒரே நாளில் கடித்துக் கிழித்துவிடும். அதனால் ஜன்னலுக்கு அடிக்கிற கொசுக் கம்பிவலையை வாங்குங்கள், பிளாஸ்டிக் வலை இல்லை. ஒரு சாண் துண்டாக வெட்டி, கடலைப் பொட்டலம் போலச் சுருட்டி, மெல்லிய கம்பியால் தைத்துக்கொள்ளுங்கள். காய் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே மாட்டி, வாயைக் காம்பை ஒட்டி நெருக்கிக் கட்டுங்கள். உள்ளே காய் பருக்க இடம் இருக்கட்டும். வலை காயில் ஒட்டிக்கொண்டிருந்தால் பழ ஈ வலைக்கண் வழியாகவே முட்டையிட்டுவிடும். கரும்பச்சை வெளுத்து இளமஞ்சள் ஓடும்போது பறித்துவிடுங்கள், மீதி வீட்டில் பழுக்கும்.

அடிமரத்தில் தகரம் சுற்றுவது பற்றியும் சிலர் சொல்வார்கள். கிளை மதிலையோ கேபிள் வயரையோ தொடாமல் இருந்தால் அது பலிக்கும். நம் ஊர்க் கொல்லையில் அப்படி ஒரு மரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம், அணில் கடித்த பழம்தான் இனிக்கும் என்று சின்ன வயதில் நாம் எல்லோரும் தின்றிருக்கிறோம். இப்போது வேண்டாம். காலையில் கீழே கிடப்பதில் இருப்பது அணிலின் பல்லா வௌவாலின் பல்லா என்று பார்த்துச் சொல்ல முடியாது. 2018-இல் கோழிக்கோட்டில் உயிர்களைப் பறித்த நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலிடம் இருப்பது, அதன் எச்சில் வழியாகப் பரவக்கூடியது. கடிபட்டதையும் உதிர்ந்ததையும் கையுறை போட்டுக் கூட்டி அள்ளி, அன்றன்றே ஆழமாகப் புதைத்துவிடுங்கள். பழ ஈயின் புழுவும் அதோடு போய்விடும்.