மூணு டீம், மூணு அளவு, ஒரே பொருள்

கேள்வி: எங்க கம்பெனில சேல்ஸ்ல ஒரு எக்ஸெல், ஸ்டோர்ஸ்ல வேற எக்ஸெல், சர்வீஸ் ஆளுங்ககிட்ட எப்பவோ போட்ட பிடிஎஃப். ஒரே பொருளுக்கு மூணு பேரும் மூணு அளவு சொல்றாங்க. எல்லா டீமும் பாக்குற மாதிரி ஒரு டிஜிட்டல் கேட்டலாக் ரெடி பண்ணச் சொல்லிருக்காங்க. எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

பதில்: சாஃப்ட்வேரை அப்புறம் பாத்துக்கலாங்க. முதல்ல ஒவ்வொரு டீம்லயும் உக்காந்து, போன வாரம் எந்தெந்த பொருளப் பத்தி என்னென்ன தேடுனீங்கன்னு கேளுங்க, அதுல இருந்து ஃபீல்டு லிஸ்ட், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் என்னென்ன விவரம் போடணும்ங்கற பட்டியல், தானா வந்துரும். அப்புறம் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் எதிர்ல ஒரே ஒரு பேரு எழுதுங்க, இத மாத்துற உரிமை இவருக்கு மட்டும்னு. ரெண்டு பேரு எழுத வேண்டி வந்துச்சுன்னா அங்கதான் உங்க சண்டையே இருக்கு. நீங்க சொல்ற அளவு விஷயத்தையே எடுத்துக்கோங்க, 'அளவு'ன்னு ஒரே தலைப்பு போட்டா ஸ்டோர்ஸ் ஆளு ரேக்குல வைக்கிற பெட்டியோட அளவ போடுவாரு, டிசைன் ஆளு உள்ள இருக்கற பொருளோட அளவ போடுவாரு, சேல்ஸ் ஆளு 25.4 மில்லிமீட்டர ஒரு இஞ்ச்னு சொல்லிட்டுப் போயிருவாரு, மூணு பேர் மேலயும் தப்பே இல்ல. பெட்டி அளவு தனி, பொருள் அளவு தனி, யூனிட் மில்லிமீட்டர் மட்டும்னு பிரிச்சுட்டாலே பாதி பிரச்சனை போயிரும்.

பொருளோட கோடு (code) நம்பர் விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. பழைய எக்ஸெல்ல இருந்து ஏத்தும்போது 00452ங்கிற கோடு 452 ஆயிரும், 13 இலக்க பார்கோடு நம்பர் 8.9E+12ங்கிற மாதிரி சுருங்கித் தெரியும், அத அப்படியே சிஎஸ்வியா (வெறும் எழுத்து ஃபைலா) சேவ் பண்ணீங்கன்னா அந்த ஃபைல்ல மிச்ச நம்பர் இருக்காது. அதனால நம்பர ஏத்துறதுக்கு முன்னாடியே அந்த நெடுவரிசைய (column) டெக்ஸ்ட்டா மாத்திடுங்க. 13 இலக்கத்துல கடைசி இலக்கம் சரிபார்க்கறதுக்குன்னே இருக்கு, முன்னாடி இருக்கற 12 நம்பர 1, 3, 1, 3ன்னு மாத்தி மாத்திப் பெருக்கி கூட்டுங்க, அந்தக் கூட்டுத்தொகைய பத்தோட மடங்காக்க இன்னும் எவ்வளவு வேணுமோ அதான் அந்த இலக்கம். ஏத்தும்போதே இத செக் பண்ண வச்சா டைப்பிங் தப்பு பெரும்பாலும் வாசல்லயே நின்னுரும்.

கேள்வி: எங்ககிட்ட கேட்டலாக் இருக்கு, ஆனா யாரும் திறக்கறதில்ல. எல்லாரும் வாட்ஸ்அப் குரூப்லயே கேக்குறாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: அந்த குரூப்ப மூடிராதீங்க, உங்களுக்குக் கெடச்ச பெரிய புதையல் அதுதான்! அதுல என்ன வார்த்தைல கேக்குறாங்கன்னு பொறுமையா படிங்க. கேட்டலாக்ல 'எம்8 ஹெக்ஸ் போல்ட்'னு (8 மில்லிமீட்டர் தடிமன், ஆறு பக்கத் தலை) இருக்கும், சர்வீஸ் ஆளு '13 நம்பர் போல்ட் இருக்கா'ன்னு கேப்பாரு, ஏன்னா அவரு கைல இருக்கறது 13 ஸ்பேனர், அந்த போல்ட்டோட தலை பொதுவா 13 மில்லிமீட்டர்தான். அவரு 13னு தேடி ஒன்னும் வரலேன்னா ரெண்டாவது தடவ தேட மாட்டாரு, நேரா குரூப்புக்குப் போயிருவாரு. ஒவ்வொரு பொருளுக்கும் 'வேற பேரு'ன்னு ஒரு ஃபீல்டு வச்சு இந்தப் பேரெல்லாம் அதுல போடுங்க, தேடல் அதையும் பாக்கணும். எதத் தேடி ரிசல்ட்டே வரலங்கற லிஸ்ட்ட வாரம் ஒரு தடவ எடுத்துப் பாருங்க, என்னப் பொறுத்தவரை கேட்டலாக் நடத்துறவருக்கு இதவிட முக்கியமான வேலை கிடையாது. குரூப்ல யாராவது கேட்டா பதில டைப் பண்ணாம அந்தப் பொருளோட லிங்க்க மட்டும் அனுப்புங்க, கொஞ்ச நாள்ல பழகிரும்.

கேள்வி: வாங்குன விலை எல்லாருக்கும் தெரியலாமா?

பதில்: வேணாம். பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் மட்டும் பாத்தா போதும். ஸ்க்ரீன்ல மறைச்சுட்டு டவுன்லோடு பட்டன்ல விட்டுருவாங்க, எக்ஸெல்ல எல்லாமே வந்துரும், அதையும் சேத்து பூட்டுங்க.

கேள்வி: விக்கிறத நிறுத்திட்ட பொருள டெலிட் பண்ணிரலாமா?

பதில்: கூடவே கூடாதுங்க. பழைய பில்லுல அந்தக் கோடு இருக்கும், வாங்குனவரு ஸ்பேர் கேட்டு வருவாரு. 'நிறுத்தியாச்சு'ன்னு ஸ்டேட்டஸ் மட்டும் மாத்துங்க, சாதாரண தேடல்ல கீழ தள்ளிருங்க, அதுக்குப் பதிலா எது பொருந்தும்ங்கற கோட அந்தப் பக்கத்துலயே போடுங்க. அந்தப் பழைய கோட மட்டும் வேற எந்தப் புதுப் பொருளுக்கும் குடுத்துராதீங்க.