பிரதமர் நாற்காலி: வாசகர் கேள்வி பதில்

பதவியில் இருக்கும் பிரதமர் திடீரென்று இறந்துவிட்டால், துணைப் பிரதமர் தானாகவே பிரதமராகிவிடுவாரா? (திண்டுக்கல் வாசகர்)

ஆக மாட்டார். அமெரிக்காவில் துணை அதிபருக்கு இருக்கும் வாரிசு வரிசை நம் அரசியல் சாசனத்தில் இல்லை. பிரதமர் இறந்தாலும் ராஜினாமா செய்தாலும் அமைச்சரவை முழுவதும் அவரோடு போய்விடும். ஆனால் சாசனத்தின் 74ஆவது பிரிவு, குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்லப் பிரதமர் தலைமையில் ஓர் அமைச்சரவை இருந்தே தீர வேண்டும் என்கிறது. ஆகவே குடியரசுத் தலைவர் உடனே வேறொருவரைப் பிரதமராக நியமித்தாக வேண்டும்.

1964 மே 27 அன்று நேரு மறைந்தார். அன்றே குல்சாரிலால் நந்தா பிரதமராகப் பதவியேற்றார். 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தபோதும் அவரே. இரண்டு முறையும் 13 நாள். ‘இடைக்காலப் பிரதமர்’ என்று நாம் சொல்கிறோமே தவிர, சாசனத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. அந்த 13 நாளும் ஆளுங்கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கிடைத்த அவகாசம். இரண்டு முறையும் காங்கிரஸ் தலைவர் நம் காமராஜர். 1964இல் எம்.பி.க்களின் மனநிலையைக் கேட்டறிந்து, போட்டியில்லாமல் சாஸ்திரியைக் கொண்டுவந்தார். 1966இல் மொரார்ஜி தேசாய் விலக மறுத்ததால் நாடாளுமன்றக் கட்சியில் வாக்கெடுப்பு நடந்தது: இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. 1984இல் இந்த இடைவெளியே இல்லை. இந்திரா கொல்லப்பட்ட அன்றே ராஜீவ் காந்திக்குப் பிரமாணம் செய்துவைத்துவிட்டார் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்.

‘துணைப் பிரதமர்’ என்ற சொல்லும் சாசனத்தில் இல்லை. 1989 டிசம்பர் 2 அன்று வி.பி. சிங் அரசில் துணைப் பிரதமரான தேவிலாலுக்குப் பிரமாணம் செய்துவைத்தவர் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கடராமன். வாசகத்தில் உள்ளபடி அவர் ‘மந்திரி’ என்று எடுத்துக்கொடுக்க, தேவிலால் ‘உப பிரதான் மந்திரி’ (துணைப் பிரதமர்) என்றே சொன்னார். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அது வெறும் அடைமொழி, அவர் மற்ற அமைச்சர்களைப் போல ஓர் அமைச்சர்தான், பிரதமரின் அதிகாரம் எதுவும் அவருக்கு வராது என்று முடிந்தது வழக்கு.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எப்படிக் கொண்டுவருகிறார்கள்? அதில் தோற்ற பிரதமர் யார்? (தென்காசி வாசகி)

யாருமே இல்லை. பலர் தவறாக நினைப்பது இங்கேதான்.

மக்களவை விதி 198இன்படி, ஓர் உறுப்பினர் காலை 10 மணிக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். காரணம் எதுவும் குறிப்பிட வேண்டியதில்லை. தீர்மானம் முறையாக இருந்தால் சபாநாயகர் அதை அவையில் வாசித்து, ஆதரிப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்வார். 50 பேராவது நின்றால் அனுமதி; அன்றிலிருந்து 10 நாளுக்குள் விவாதம். நிற்கும் தலைகளை எண்ண அவை அமைதியாக இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். 2018 மார்ச்சில் அமளி ஓயாததால் எண்ண முடியவில்லை என்று நாள்தோறும் அவை ஒத்திவைக்கப்பட்டது. ஜூலையில்தான் வாக்கெடுப்புக்கு வந்தது: ஆதரவு 126, எதிர்ப்பு 325. இது மக்களவையில் மட்டுமே நடக்கும். அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பேற்பது அந்த அவைக்குத்தான். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், எம்.பி. பதவியே பறிபோகலாம்.

வாக்கெடுப்பில் கவிழ்ந்த பிரதமர்கள் எல்லோரும் தோற்றது, அவர்களே கொண்டுவந்த நம்பிக்கை கோரும் தீர்மானத்தில். 1990 நவம்பரில் வி.பி. சிங், 1997 ஏப்ரலில் தேவ கவுடா, 1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாய். அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்கியதும், பெரும்பான்மையை நிரூபிக்கும்படி வாஜ்பாயிடம் சொன்னவர் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன். விழுந்த வாக்கு ஆதரவாக 269, எதிராக 270. ஒடிசா முதல்வராகிவிட்டும் எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்த கிரிதர் கமாங், எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர். ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த இரண்டு எண்களைத்தான் எழுதிக் காட்டுவேன்.

எம்.பி. ஆகாதவர் பிரதமராகலாமா? (காரைக்குடி வாசகர்)

ஆகலாம். 6 மாதத்துக்குள் இரண்டு அவைகளில் ஏதாவது ஒன்றில் உறுப்பினராகிவிட வேண்டும். 1991 ஜூன் 21 அன்று பதவியேற்ற நரசிம்ம ராவ், நவம்பரில் நந்தியால் இடைத்தேர்தலில் வென்றார். தேவ கவுடா மாநிலங்களவைக்குப் போனார்.

மக்களவையைக் கலைத்த பிறகும் பிரதமர் நீடிப்பது சட்டப்படி சரியா? (கும்பகோணம் வாசகி)

சரிதான். 1970 டிசம்பரில் மக்களவை கலைக்கப்பட்ட பிறகு, இந்திரா காந்தி பிரதமராக நீடிப்பதை எதிர்த்து ஒரு வழக்கு நடந்தது. அமைச்சரவை ஆலோசனை இல்லாமல் குடியரசுத் தலைவர் தன்னிச்சையாக இயங்க முடியாது, எனவே அவை இல்லாத நாட்களிலும் அமைச்சரவை இருக்க வேண்டும் என்று 1971இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படி நீடிக்கும் அரசைக் குறிக்கும் ‘காபந்து அரசு’ என்பதும் சாசனச் சொல் அல்ல. அதற்கென்று அதிகார வரம்பு எங்கும் எழுதப்படவில்லை. பெரிய கொள்கை முடிவுகளைத் தள்ளிவைப்பது மரபு மட்டுமே. இதன் முழு நீளத்தையும் பார்த்தது சரண் சிங்கின் அரசு. 1979 ஜூலை 28 அன்று பதவியேற்றார். ஆகஸ்ட் 20 அன்று, நம்பிக்கை வாக்கைக் கோராமலே ராஜினாமா செய்தார்; மக்களவை கலைக்கப்பட்டது. பிரதமராக ஒரு நாள்கூட மக்களவையைச் சந்திக்காத அவர், 1980 ஜனவரி 14 அன்று இந்திரா மீண்டும் பதவியேற்கும் வரை அந்த நாற்காலியில் இருந்தார்.