அட்டையில் ஆறு பேர், உள்ளே ஒருவர்: வாசகர் கேள்விகள்

இந்த வாரத் தபாலில் பாதி சூப்பர்ஹீரோ காமிக்ஸ். மும்பையில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது என்று தெரிகிறது.

ஏழு வயது மகனுக்கு பேட்மேன் புத்தகம் வாங்கினேன். உள்ளே ஒரே ரத்தம். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (செம்பூர் வாசகி)

பின்னட்டையைப் பார்த்தீர்களா? டிசி நிறுவனத்தின் ‘பிளாக் லேபிள்’ வரிசை 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பேட்மேன் முகம் இருந்தால் குழந்தைப் புத்தகம் என்று முடிவு செய்தது நீங்கள்தான், கடைக்காரர் அல்ல. கல்லூரியில் படிக்கும் உறவுப் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள். மகனுக்கு ‘டைனி டைட்டன்ஸ்’ பொருந்தும். கார்ட்டூனை ஒட்டி 2004 முதல் 2008 வரை வந்த ‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்’டும் நல்லது. அதே பெயரில் 2024இல் தொடங்கியது வேறு தொடர். மறுபடியும் பார்க்காமல் வாங்கிவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

காமிக்ஸுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா?

இல்லை. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ரசீதோடு போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

1963ஆம் ஆண்டின் ‘அவெஞ்சர்ஸ்’ முதல் இதழ் என்று சொல்லி, ஓர் இணைய விற்பனைத் தளத்தில் கடை வைத்திருப்பவர் 9,000 ரூபாய்க்கு விற்றார். அட்டையில் 12 சென்ட் என்றுதான் இருக்கிறது. போலி என்று நண்பர் சிரிக்கிறார். (மாட்டுங்கா வாசகர்)

சிரிக்கட்டும். அட்டை, விளம்பரம், விலை எல்லாவற்றையும் அப்படியே அச்சிட்டு பதிப்பாளரே மறுபதிப்பு கொண்டுவருவது வழக்கம், உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும். மறுபதிப்பு என்பதை அவர் மறைப்பதில்லை. மறைத்தவர் விற்றவர். அட்டையில் பார்கோடு இருக்கிறதா? 1963இல் காமிக்ஸில் அது கிடையாது. உள்ளே பொடி எழுத்தில் மறுபதிப்பு ஆண்டும் இருக்கும். தளத்தில் விற்றவர் போட்ட விற்பனைப் பக்கத்தை உடனே படமெடுத்து வையுங்கள், அதை நீக்கிவிடுவார்கள். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசைய மாட்டார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணுக்கு அழையுங்கள். அதற்கும் மசியவில்லையா? நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. விடாதீர்கள்.

அட்டையில் ஆறு நாயகர்கள். உள்ளே ஒருவர்தான் வருகிறார், அவரும் கடைசிப் பக்கத்தில் ‘தொடரும்’ என்கிறார். அண்ணனும் தங்கையும் சேர்ந்து படிக்க வாங்கினேன். (முலுண்டு வாசகர்)

என் நெடுநாள் எரிச்சலைக் கிளறிவிட்டீர்கள். 1972 முதல் 1985 வரை 150 இதழ்கள் வந்த ‘மார்வெல் டீம்-அப்’பைப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்பைடர்மேன், கூட ஒரு விருந்தாளி. ஆள் தெரியாமல் முதலில் அடித்துக்கொள்வார்கள், பிறகு சமாதானம், பிறகு வில்லனுக்கு உதை. பெரும்பாலான கதைகள் ஓர் இதழிலேயே முடிந்துவிடும், சாப்பாடு ஆறுவதற்குள். அண்ணனுக்கு ஒரு நாயகன், தங்கைக்கு ஒரு நாயகன். அப்பா தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். 1984இல் பொம்மை விற்பனையோடு கைகோத்து வந்த, பல நாயகர்கள் மோதும் ‘சீக்ரெட் வார்ஸ்’ கூட 12 இதழ்களுக்குள் அடங்கியது. பிறகுதான் ஒரு சண்டையைப் பத்துத் தொடர்களில் சிதறவிட்டு, அத்தனையையும் நம் தலையில் கட்டும் பழக்கம் முற்றியது. ஃபுளோரா ஃபவுண்டன் நடைபாதைப் புத்தகக் கடையில் பத்து இதழ்கள் கொண்ட கட்டு ஒன்றை நான் வாங்கினேன். மேலே இரண்டு வேறு வேறு. கீழே எட்டும் ஒரே கதையின் ஐந்தாம் பாகம். நான்காம் பாகத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அட்டையை நம்பாதீர்கள். பல இதழ்களைச் சேர்த்த தொகுப்பு என்றால், முதல் தாளில் எந்தெந்த இதழ்கள் அடக்கம் என்று போட்டிருக்கும். எண்கள் வரிசையாக இருக்கின்றனவா, ‘ஆறில் மூன்று’ என்று ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உறை பிரிக்காமல் வைத்தால் பிற்காலத்தில் விலை ஏறுமா? பையன் பிரிக்கச் சொல்லி அழுகிறான்.

1992இல் சூப்பர்மேன் சாகும் இதழ் கறுப்பு உறையில் வந்தது. நானும் ஒன்றைப் பிரிக்காமல் வைத்தேன். என்னைப்போல் லட்சக்கணக்கானோர் வைத்திருக்கிறார்கள். போன மாதம் பழைய புத்தகக்காரர் நான் கொடுத்ததில் பாதி விலைக்குக் கேட்டார். நான் இன்னும் அதைப் படிக்கவில்லை. பையனிடம் கத்தரிக்கோலைக் கொடுங்கள்.