பழுப்பு நிறப் பிளாஸ்திரி

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் டிஸ்டோப்பியா நாவல்களாகவே, அதாவது கொடுமை நிறைந்த கற்பனைச் சமூகங்களைப் பற்றிய கதைகளாகவே வாசிக்கிறாள். நிறவெறியைப் பற்றி உருப்படியாகப் பேசும் நாவல் அதில் ஏதாவது உண்டா?

உண்டு. பிரிட்டிஷ் கறுப்பின எழுத்தாளர் மாலரி பிளாக்மனின் ‘நாட்ஸ் அண்ட் கிராஸஸ்’ (2001). அந்தக் கதை நடக்கும் நாட்டில் ஆள்பவர்கள் கறுப்பர்கள், அதாவது கிராஸ் இனம். ஒரு காலத்தில் அவர்களுக்கு அடிமைகளாக இருந்த நாட் இனத்தார் வெள்ளையர்கள். அமைச்சரின் மகள் செஃபிக்கும், அவள் வீட்டில் வேலை பார்த்த பெண்ணின் மகன் காலம் (Callum) என்ற பையனுக்கும் சின்ன வயதிலிருந்தே நட்பு.

கிராஸ் பிள்ளைகளின் பள்ளியில் முதன்முதலாகச் சில நாட் மாணவர்களைச் சேர்க்கிறார்கள். வாசலில் கூட்டம் கூடி மறிக்கிறது. 1957-ல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குப் போன 9 கறுப்பின மாணவர்களுக்கு நடந்தது அப்படியே கண்முன் வரும். காலமுக்காகக் கொதித்துப்போய்க் கூட்டத்தைத் திட்டுகிறாள் செஃபி. ஆனால் அந்த வேகத்தில் அவள் வாயில் வருவது நாட் இனத்தாரை இழிவுபடுத்தும் வசைச்சொல். காலம் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. அவள் கெட்டவள் இல்லை, அவனை உயிராக நினைப்பவள். அவளுக்குள்ளேயும் அந்தச் சொல் தயாராக இருந்திருக்கிறது, பாருங்கள்.

இன்னொரு இடம். காயம்பட்ட நாட் மாணவி ஒருத்தியின் வெளுத்த நெற்றியில் அடர் பழுப்புப் பிளாஸ்திரி துருத்திக்கொண்டு தெரிகிறது. கடையில் அந்த ஒரு நிறம்தான் கிடைக்கும். செஃபி அதுவரை இதை யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய தேவை அவளுக்கு வந்ததில்லை.

அதைப் படித்தபோது என் பழைய கிரேயான் டப்பா ஞாபகம் வந்தது. அதில் வெளிர் ரோஸுக்கு ‘ஸ்கின் கலர்’ என்றுதான் பெயர். எங்கள் வகுப்பில் ஒருவர் கைகூட அந்த நிறத்தில் இல்லை. ஆனாலும் அம்மா, அப்பா என்று எல்லோருக்கும் அதைத்தான் தீட்டினோம்.

பிளாக்மன் இவற்றை வெறும் கற்பனையில் எழுதவில்லை. ரயிலில் முதல் வகுப்பு டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்த அவரையே, டிக்கெட்டைத் திருடியதாகச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நாவலில் முதல் வகுப்பில் போகும் காலமிடம் போலீஸ் கேள்வி கேட்கும் காட்சி அங்கிருந்து வந்ததுதான்.

மகளிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். குண்டுவெடிப்பு, தூக்குத் தண்டனை எல்லாம் வருகிறது, முடிவும் ரொம்பக் கனமானது. அவள் படித்து முடிக்கும் அன்று பக்கத்தில் இருங்கள்.