என்ஜின் வேலைக்குக் கம்பெனி ஒரிஜினல் பார்ட்ஸ்தான் போட வேண்டுமா, வெளி மார்க்கெட்டில் வாங்கலாமா?

உங்கள் வண்டிக்கு வாரண்டி முடிந்திருக்கும், சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் கையில் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வாரண்டி இன்னும் இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கம்பெனி சொல்வதையே போட்டுவிடுங்கள்.

வெளி பார்ட்ஸ் வாங்குகிறவன் எல்லாம் கஞ்சன் என்று யாராவது பேசினால் எனக்குச் சுருக்கென்று வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் என்ஜின் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். கார் கம்பெனிக்குப் போவதும் கடைக்குப் போவதும் அங்கே ஒரே மெஷினில்தான் இறங்கும். ஒன்றில் கார் கம்பெனி முத்திரை இருக்கும், மற்றதில் எங்கள் முத்திரை மட்டும். எல்லா இடத்திலும் இப்படித்தானா என்று சண்டைக்கு வராதீர்கள். கடைக்கென்றே மட்டமாகச் செய்கிறவர்களும் உண்டு.

என் வண்டி ஃபோர்டு ஃபிகோ, 1.4 டீசல். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்ததும், இனி ஸ்பேர்ஸுக்கு எங்கே போவது என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அப்புறம் பிஸ்டன் ஓட்டத்தோடு ஒத்து வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும் நேரம் வந்தது. இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வில் பிஸ்டன் இடிக்கும், என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். சர்வீஸ் சென்டரில் முழு செட்டும் ஒரிஜினல்தான் போடுவோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். நான் வண்டியை என் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு சென்னையில் ஸ்பேர்ஸ் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். இதே குடும்பத்து என்ஜின் வெளிநாட்டில் பியூஜோ, சிட்ரோயன் கார்களிலும் ஓடியதுதான். அதனால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஓடும் வழியில் தாங்கும் ஐட்லர் உருளை சேர்ந்த கிட் பெயர் பெற்ற பெல்ட் கம்பெனிகளிடமே கிடைக்கிறது. பழைய டென்ஷனரைக் கழற்றிப் பார்த்தால் ஃபோர்டு முத்திரைக்குப் பக்கத்தில் பேரிங் கம்பெனி பெயர். புதியதிலும் அதே பெயர், ஃபோர்டு முத்திரை மட்டும் இல்லை. "சார், ஒரே சரக்குதான்" என்று மெக்கானிக் சிரித்தார்.

வாட்டர் பம்பை மட்டும் ஒரிஜினலாகவே வாங்கினேன், காத்திருந்துதான். அதையும் இந்த பெல்ட்டேதான் சுற்றுகிறது. பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட்டும் போகும். கடையில் காட்டிய மலிவு பம்பைக் கையால் சுற்றியதும் ஷாஃப்ட் ஆடியது, வேண்டாம் என்றுவிட்டேன். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வரும் ஹெட் கேஸ்கெட்டிலும் கவனம் தேவை. டீசலில் பல தடிமன்களில் வரும். பிளாக்குக்கு மேலே பிஸ்டன் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்துதான் எடுக்க வேண்டும். தடிமன் தப்பினால் ஒரிஜினல் போட்டும் பயனில்லை.

எங்கள் வீட்டில் இன்னொரு தொல்லை, மச்சான். டெல்லியில் 10 வருஷ டீசல் வண்டிக்குத் தடை, இங்கேயும் வரும், எடைக்குப் போடுங்கள் என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் ஆரம்பித்துவிடுவார். 15 வருஷம் ஆனதும் ஆர்.டி.ஓ.வில் காட்டி, பசுமை வரி கட்டினால் இன்னும் 5 வருஷத்துக்கு ஆர்.சி. தருவார்கள் என்று எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறாது. அவர் காரின் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பிடி மண் இருக்கும்.

சரி, உங்கள் விஷயம். யார் தயாரித்தது என்று பாருங்கள், பார்ட் நம்பரை ஒப்பிடுங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். நான் பயப்படுவது ஒரிஜினல் டப்பாவுக்குள் வரும் போலிக்குத்தான். ஆயில் ஃபில்டரில் அது அதிகம். வேலை முடிந்ததும் காலி டப்பாவை முழுசாகக் குப்பையில் போடாமல் கிழித்துப் போடுங்கள், அதையும் காசு கொடுத்து எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.