எழுத்து இல்லாத ஆப்பிரிக்க மக்களின் வரலாற்றை எப்படி நம்புவது?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "ஐரோப்பியர்கள் வந்து எழுதும்வரை அங்கே இருந்ததெல்லாம் வாய்வழிக் கதைதானே?" இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் எழுத்தே இருந்ததில்லை என்பது ஒன்று. எழுதி வைக்காவிட்டால் அது வரலாறு ஆகாது என்பது இன்னொன்று.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எகிப்தை ஒதுக்கி வைத்தாலும், இன்றைய சூடானில் இருந்த மெரோயே அரசுக்குத் தனி எழுத்து இருந்தது. எத்தியோப்பியாவின் கீஸ் எழுத்து 1,500 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடப்பில் இருக்கிறது. மாலியின் டிம்பக்டுவில் அரபு எழுத்தில் சட்டம், வானியல், மருத்துவம் என்று ஆயிரக்கணக்கான கையெழுத்துப் படிகள் குடும்பம் குடும்பமாகப் பாதுகாக்கப்பட்டன. லைபீரியாவின் வை மக்கள் 1830களில் தங்கள் மொழிக்கென்று ஒரு எழுத்தையே உருவாக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவதுதான் சுவாரசியமான கேள்வி. ஆனால் "ஆப்பிரிக்க மக்கள்" என்று மொத்தமாக வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. 50க்கு மேற்பட்ட நாடுகள், 1,000க்கும் மேற்பட்ட மொழிகள். எனக்கு ஓரளவு பழக்கமான ஒரே மக்களை வைத்துச் சொல்கிறேன்: கானாவின் அசாந்தே. அவர்களுடைய தலைநகரான குமாசியில் சில வருடங்கள் ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தேன்.

அங்கே யாரிடம் அறிமுகமானாலும் முதலில் வரும் கேள்வி, "எந்தக் கிழமை பிறந்தாய்?" நான் வியாழக்கிழமை என்றதும் என் பெயர் 'யாவ்' ஆகிவிட்டது. அசாந்தேக்களும், அவர்கள் சேர்ந்திருக்கும் அக்கான் இனத்தின் மற்ற மக்களும் பிறந்த கிழமையைப் பெயரோடு சுமக்கிறவர்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே. ஐ.நா.வின் கோஃபி அன்னான், கானாவின் முதல் அதிபர் குவாமே நக்ரூமா எல்லாம் அந்த வகை. ராசி நட்சத்திரம் பார்க்கிற ஊரிலிருந்து போனவனுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. ஆனால் அவர்களுடைய வரலாறும் இதே கிழமைக் கணக்கில்தான் பதிந்திருக்கிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

அசாந்தே அரசு எழுந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பகுதிச் சிற்றரசுகள் டென்ச்சிரா என்ற அரசுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தன. ஓசெய் டூட்டு என்ற தலைவரும் அனோச்சே என்ற பூசாரியும் சேர்ந்து அவற்றை ஒன்றுகூட்டி, 1701இல் ஃபெயியாசே என்ற இடத்தில் டென்ச்சிராவைத் தோற்கடித்தார்கள். இது போர், அரசியல். இதோடு ஒரு ஐதீகமும் இருக்கிறது: அனோச்சே வானத்திலிருந்து ஒரு தங்க இருக்கையை வரவழைத்தார், அது ஓசெய் டூட்டுவின் மடியில் வந்து இறங்கியது, அசாந்தே மக்கள் அத்தனை பேரின் உயிரும் அதற்குள் இருக்கிறது. இருக்கை வந்தது வெள்ளிக்கிழமை என்பதால் அதன் பெயரிலும் 'கோஃபி' உண்டு. அதில் யாரும் உட்காருவதில்லை, அரசர் உட்பட. அதில் தொங்கும் பொன் உருவங்கள் போரில் வீழ்ந்த எதிரி அரசர்களைக் குறிப்பவை.

இருக்கை வானத்திலிருந்து வந்ததா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தக் கதை என்ன வேலை செய்தது என்று பாருங்கள். தனித்தனி அரசுகளின் பழைய இருக்கைகளையும் வாள்களையும் புதைத்துவிடச் சொன்னார் அனோச்சே என்று மரபு. நேற்றுவரை தனித்தனியாக இருந்தவர்களுக்கு இன்று முதல் ஒரே இருக்கை. ஒரு கூட்டமைப்பின் அரசியல் சட்டம்தான் அது. காகிதத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

சரி, நம்பகத்தன்மைக்கு வருவோம். எழுதாத வரலாறு ஆளுக்கு ஆள் மாறும் என்பதுதானே குற்றச்சாட்டு? மாறாமல் காக்க அசாந்தேக்கள் நிறைய ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு அரசர் இறந்தால், அவர் பயன்படுத்திய மர இருக்கையைப் புகைக்கரி பூசிக் கறுப்பாக்கி, இருக்கைகளுக்கென்றே உள்ள வீட்டில் முன்னோர் இருக்கைகளோடு சேர்ப்பார்கள். பதவியிலிருந்து இறக்கப்பட்டவருக்கும், அவமானத்தோடு போனவருக்கும் அந்த மரியாதை கிடையாது. அதனால் அந்த வீடே ஒரு அரசர் பட்டியல். பழைய ஆறு நாள் வாரமும் ஏழு நாள் வாரமும் கூடிவரும் 42 நாளுக்கு ஒரு முறை, அக்வாசிடாய் என்னும் ஞாயிற்றுக்கிழமையில், அந்த இருக்கைகளுக்குப் படையல் உண்டு. அன்று அரண்மனை முற்றத்தில் கொம்புகளும் முரசுகளும் முன்னோரின் பெயர்களையும் பட்டங்களையும் ஒலிக்கும். அசாந்தேக்கள் பேசும் ட்வி மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். அட்டும்பான் என்ற இரட்டை முரசில் ஒன்று மேல் சுருதி, மற்றது கீழ் சுருதி. அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே அடித்துக் காட்டுவார்கள். தெரிந்தவர்களுக்கு அது பேச்சு. முரசுக்காரர் தப்பாக அடித்தால் தண்டம் கட்ட வேண்டும். வருடத்துக்கு எட்டு, ஒன்பது முறை, ஊரே கூடி நிற்கும் இடத்தில் ஒப்பிக்கிற ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டுப் போவது லேசான காரியமில்லை.

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது அவர்களுடைய சத்தியம். அசாந்தேக்களின் 'பெரிய சத்தியம்' ஒரு தோல்வியை நினைவுபடுத்துவது. ஓசெய் டூட்டு அச்செம் மக்கள்மீது படையெடுத்துப் போகும்போது பிரா ஆற்றைக் கடக்கையில் பதுங்கியிருந்தவர்களால் கொல்லப்பட்டார். அந்த இடத்தின் பெயரும் 'சனிக்கிழமை' என்ற சொல்லும் சேர்ந்ததுதான் அந்தச் சத்தியம். அரச குலத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய துக்கத்தை வாயால் சொல்வதே குற்றம். அதனால் ஒரு வழக்கில் யாராவது அந்தச் சொற்களை உச்சரித்துவிட்டால், விஷயம் நேராக அரசரின் மன்றத்துக்குப் போயாக வேண்டும். மேல்முறையீடு மாதிரி. ஆனால் விளையாட்டுக்குச் சொல்ல முடியாது. பழைய காலத்தில் பொய்ச் சத்தியம் செய்தவருக்குத் தலை போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓசெய் டூட்டு இறந்த வருடம் 1712ஆ 1717ஆ என்று எழுத்து ஆவணங்களை வைத்து ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் அசாந்தே நினைவில் அது சனிக்கிழமைதான். அதில் வாதமே இல்லை. 300 வருடம் ஒரு கிழமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், அது சட்டத்துக்குத் தேவைப்பட்டதால்.

இதெல்லாம் சொன்னதால் வாய்வழி வரலாறு குறையே இல்லாதது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் வேண்டுமென்றே விட்ட இடங்கள் இருக்கின்றன. இன்னொருவனின் பூர்விகத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது அசாந்தேக்களின் பழைய சட்டம்; ஓசெய் டூட்டு காலத்தது என்பார்கள். வென்ற நாட்டு மக்களையும் அடிமையாகப் பிடித்து வந்தவர்களையும் ஒரே மக்களாகக் கலப்பதற்கு அது உதவியது. நல்ல சட்டம் என்றும் சொல்லலாம். ஆனால் அதே சட்டம் ஒரு பெரிய உண்மையையும் மூடுகிறது: போரில் பிடித்தவர்களைக் கடற்கரைக் கோட்டைகளில் ஐரோப்பியர்களிடம் விற்றுத் துப்பாக்கி வாங்கிய அரசு இது. போர்ச்சுக்கீசியர் 1482இல் கட்டிய எல்மினா கோட்டைக்குப் போனால் அந்தப் பக்கம் தெரியும். குமாசியில் விருந்து வீட்டுப் பேச்சில் அது வராது. அந்த இடத்தில் ஐரோப்பியர்களின் கப்பல் கணக்குகள்தான் உதவும். எழுத்து ஆவணத்துக்கும் வாய்மொழிக்கும் தனித்தனி ஓட்டைகள்; ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க வேண்டியதுதான்.

எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1900ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் நடந்தது சுருக்கமாக: 1874இல் வோல்ஸ்லியின் பிரிட்டிஷ் படை குமாசியைக் கொள்ளையடித்துக் கொளுத்தியது, 50,000 அவுன்ஸ் தங்கம் தண்டம் விதித்தது. 1896இல் அரசர் முதலாம் பிரெம்பேயையும் அவருடைய தாயையும் போரே இல்லாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். (அந்தப் படையில் சாரணர் இயக்கத்தின் பேடன் பவலும் இருந்தார். பள்ளியில் காக்கிச் சட்டை போட்டு அவருக்கு வணக்கம் சொன்னவர்கள் தெரிந்துகொள்ளலாம்.)

1900 மார்ச் 28 அன்று ஆளுநர் ஹாட்ஜ்சன் குமாசியில் தலைவர்களைக் கூட்டி, மகாராணியின் பிரதிநிதி நான், தங்க இருக்கையில் என்னை உட்கார வைக்காமல் ஏன் சாதாரண நாற்காலியில் உட்கார வைத்தீர்கள் என்று கேட்டார். அது சிம்மாசனம் என்று அவர் நினைத்துக்கொண்டார். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எஜிசு ஊரின் அரசத்தாயான யா அசாந்தேவா தலைமையில் போர் வெடித்தது. ஆளுநர் மாதக்கணக்கில் கோட்டைக்குள் முற்றுகையில் கிடந்து, பிறகு தப்பித்து ஓடினார். பிரிட்டிஷார் கடைசியில் வென்றார்கள். யா அசாந்தேவாவை செய்ஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1921இல் அங்கேயே இறந்தார். ஆனால் இருக்கை அவர்கள் கையில் சிக்கவில்லை. புதைத்து வைத்திருந்தார்கள்.

அது வெளியே வந்ததும் தற்செயல்தான். 1920-21 வாக்கில் சாலை போடும் வேலையாட்கள் தோண்டும்போது அகப்பட்டது. அதிலிருந்த பொன்னைச் சிலர் கழற்றி விற்றுவிட்டார்கள். அசாந்தே நாடு முழுக்கத் துக்கம் கொண்டாடியது. இந்த முறை அரசாங்கம் ஒரு புத்திசாலித்தனம் செய்தது: ட்வி மொழி தெரிந்த ராட்ரே என்ற மானிடவியல் அதிகாரியிடம் ஆலோசனை கேட்டது. இருக்கையை நாங்கள் தொட மாட்டோம் என்று அறிவித்தது. குற்றவாளிகளுக்குத் தலைவர்கள் மரண தண்டனை கொடுத்தார்கள். அரசாங்கம் அதை நாடு கடத்தலாக மாற்றியது. ஒரு கேள்வியால் வந்த போர் 1900இல். ஒரு கேள்வியால் தவிர்க்கப்பட்ட போர் 1921இல்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு நேர்ப் பதிலாக நான் நினைப்பது இது. நாடு கடத்தப்பட்ட பிரெம்பே செய்ஷெல்ஸில் சும்மா இருக்கவில்லை. 1907இல் தன் முன்னோரின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுத்தில் கொண்டுவரத் தொடங்கினார். கையில் ஓர் ஆவணம் இல்லை, நூலகம் இல்லை. அவருக்கு இருந்த முக்கிய ஆதாரம், கூடவே சிறைப்பட்டிருந்த அம்மா யா அச்சியா. அசாந்தேக்களிடம் வாரிசு தாய்வழி. கேரளத்து மருமக்கள் வழியைப் போல அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போகும். அரியணைக்கு ஆளை முன்மொழிவதும் அரசத்தாய்தான். யாருக்கு யார் பிள்ளை, எந்தக் கிளை எங்கே பிரிந்தது என்பது அவர் தலையில் சரியாக இல்லையென்றால் நாட்டில் கலவரம். அதனால் அவருடைய ஞாபகம் அரசாங்கப் பதிவேடு. அம்மா சொன்னதை மகன் எழுத வைத்த அந்த வரலாறு 2003இல் நூலாக அச்சில் வந்தது; ஆய்வாளர்கள் இன்று அதை மூல ஆவணமாகவே கையாளுகிறார்கள். அந்தத் தாய் 1917இல் தீவிலேயே இறந்தார். பிரெம்பே 1924இல் ஊர் திரும்பினார்.

அவருக்காக பிரிட்டிஷார் குமாசியில் கட்டிய மன்ஷியா வீட்டை, அதன் செலவை அசாந்தேக்கள் தாங்களே கட்டித் தீர்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். இப்போது அது அருங்காட்சியகம். 2024இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலிருந்து 17 பொருளும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து 15 பொருளும் அங்கே வந்தன. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுப் போர்களின்போது எடுத்துப் போனவை. திருப்பிக் கொடுக்க அவர்கள் நாட்டுச் சட்டம் இடம் தராதாம். மூன்று வருடக் கடனாகத் தந்திருக்கிறார்கள். கொள்ளை போனதைச் சொந்தக்காரனுக்கே கடன் கொடுப்பது என்ன நியாயமோ! அமெரிக்காவின் ஃபௌலர் அருங்காட்சியகம் அதே ஆண்டு ஏழு பொருள்களை நிபந்தனை இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டது.

நேரில் பார்க்க ஆசை இருந்தால், மன்ஷியாவுக்குப் போகும் தேதியை அக்வாசிடாய் ஞாயிறோடு ஒத்துப்போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடத் தேதிகளை உள்ளூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முரசுகளுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். தங்க இருக்கை அருங்காட்சியகத்தில் இல்லை, எங்கே இருக்கிறது என்று விசாரிக்கவும் வேண்டாம்.