விவாகரத்து ஆனால் க்ரீன் கார்டு போய்விடுமா? அம்பாசமுத்திரத்து வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். 2020 பிப்ரவரியில் திருநெல்வேலியில் கல்யாணம். கணவர் அமெரிக்கக் குடிமகன், அவர்கள் குடும்பம் தென்காசிப் பக்கம். 2021 செப்டம்பர் 14 அன்று நியூஜெர்சியில் இறங்கினேன். முதலில் நிபந்தனையுள்ள இரண்டு வருடக் கார்டு. 2023 ஜூலையில் நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, 2024 அக்டோபரில் பத்து வருடக் கார்டு வந்தது. ஆனால் 2023 நவம்பரிலேயே பிரிந்துவிட்டோம். 2024 நவம்பர் 8 அன்று ஊருக்கு வந்து, திருநெல்வேலிக் குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு 2025 ஜூன் 10 திரும்பினேன். குழந்தை இல்லை. "அவன் கையெழுத்துப் போட்டுத்தானே கார்டு வந்துச்சு, ஒரு லெட்டர் எழுதிப் போட்டான்னா போயிரும்லா?" என்று அத்தை பயமுறுத்துகிறாள். மூன்று வருடத்திலேயே குடியுரிமை வாங்கிவிட்ட தோழி, "நீயும் இப்பவே போடு" என்கிறாள். ஏழு மாதம் ஊரில் இருந்தது இடைஞ்சலா? பாஸ்போர்ட்டில் அவர் பெயர்தான் கடைசிப் பெயராக இருக்கிறது, அதை எப்படி எடுப்பது? அம்மா ஆற்றுப்பாசன வயலை என் பெயருக்கு எழுத நினைக்கிறாள். குடியுரிமை மாறுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டுமா?

பதில்: அத்தையின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். உங்கள் கையில் இருப்பது நிபந்தனை நீங்கிய பத்து வருடக் கார்டு. விவாகரத்து அதைத் தொடாது. முன்னாள் கணவர் லெட்டர் எழுதினாலும், 'ஸ்பான்சர்ஷிப்பை வாபஸ் வாங்குகிறேன்' என்று சொன்னாலும், நீங்கள் நிரந்தரக் குடியிருப்பாளர் ஆன பிறகு அதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. உண்மையில் கட்டுப்பட்டிருப்பவர் அவர்தான். உங்களை அழைத்தபோது ஐ-864 என்ற பொறுப்புப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டிருப்பார். நீங்கள் வறுமையில் விழாமல் பார்த்துக்கொள்வேன் என்ற அந்த வாக்குறுதி விவாகரத்தோடு முடிவதில்லை. நீங்கள் குடிமகளாகும் வரை, அல்லது வேலைக் கணக்கில் 40 காலாண்டு (சுமார் பத்து வருட வேலை) சேரும் வரை அது நிற்கும். நீங்கள் குடிமகள் ஆகிவிட்டால் அவருக்கு விடுதலை. மிரட்டுகிற உறவினரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தொனி மாறும்.

இனி தோழி சொன்ன மூன்று வருடம். அது அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கும் கணவனுக்கும் தரப்படும் சலுகை. விண்ணப்பிக்கும் முன்பு மூன்று ஆண்டுகள் குடிமகனான துணையுடன் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், அந்தக் கல்யாணமும் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் வரை நிலைத்திருக்க வேண்டும். குடியுரிமைக்கு மனுப் போட்ட பிறகு விவாகரத்துத் தீர்ப்பு வந்தாலும் சலுகை போய்விடும். நீங்கள் 2024 செப்டம்பரில் மூன்று வருடத்தைத் தொட்டபோதே பிரிந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அதனால் அந்த வழி உங்களுக்கு எப்போதுமே திறந்திருக்கவில்லை. தோழி வாழ்க்கை வேறு, அவள் பேச்சைக் கேட்டு விண்ணப்பத்தில் அந்த மூன்று வருடக் கட்டத்தில் டிக் அடித்துவிடாதீர்கள். கணவனின் கொடுமை காரணமாக, அந்த அடிப்படையிலேயே கார்டு பெற்றவர்களுக்கு மட்டும் விவாகரத்துக்குப் பிறகும் மூன்று வருட வழி உண்டு. நீங்கள் இருவரும் சேர்ந்து போட்ட மனுவில் வந்த கார்டு என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

உங்களுக்கானது எல்லோருக்கும் உள்ள ஐந்து வருட வழி. இதில் கணவர் என்ற பேச்சே இல்லை. நிபந்தனைக் கார்டில் இருந்த இரண்டு வருடமும் இதில் சேரும், அந்தக் காலம் வீணாகவில்லை. கார்டில் 'குடியிருப்பாளர் ஆன தேதி' என்று அச்சாகியிருக்கும். அது 2021 செப்டம்பர் 14 என்றால் ஐந்து வருடம் 2026 செப்டம்பர் 14 அன்று நிறையும். 90 நாள் முன்னதாகவே என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்தைப் போடலாம், அதாவது 2026 ஜூன் 16 முதல். ஜூன் 15 அன்று போட்டால் நிராகரிப்பார்கள், கட்டிய பணமும் திரும்பாது. அவசரப்படுகிறவர்களுக்கு என் ஆலோசனை, ஒரு வாரம் தள்ளியே போடுங்கள். கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760 டாலர்.

ஐந்து வருடத்தில் 30 மாதமாவது உடம்பு அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாநிலத்தில் மூன்று மாதம் குடியிருந்திருக்க வேண்டும். இரண்டும் உங்களுக்குச் சுலபம். கவனிக்க வேண்டியது அந்த ஏழு மாதம்.

ஆறு மாதம் வரை வெளியே இருந்தால் கேள்வி எழாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்தால் குடியுரிமைக்குத் தேவையான தொடர் குடியிருப்பு அறுந்துவிட்டது என்று தீர்ந்தது, திரும்பி வந்து நான்கு வருடமும் ஒரு நாளும் கழிய வேண்டும். உங்களுடையது நடுவில் வருகிறது. ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குள். இங்கே சட்டம் 'அறுந்துவிட்டது' என்று ஊகித்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்புவதற்காக முன்கூட்டியே வாங்கும் ரீஎன்ட்ரி பெர்மிட் இருந்திருந்தாலும் இது மாறாது. அது கார்டைக் காப்பாற்றும், குடியுரிமைக் கணக்கைக் காப்பாற்றாது. இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

அதிகாரி பார்ப்பது, நீங்கள் அமெரிக்க வாழ்க்கையை மூடிவிட்டுப் போனீர்களா, திறந்து வைத்துவிட்டுப் போனீர்களா என்பதை. வேலையை விட்டீர்களா, லீவு போட்டீர்களா? கம்பெனி தந்த லீவுக் கடிதம் இருந்தால் அதைவிடப் பெரிய ஆவணம் இல்லை. வீட்டை ஒப்படைத்தீர்களா, வாடகையில் உங்கள் பங்கைக் கட்டிக்கொண்டே இருந்தீர்களா? வங்கிப் பதிவுகளை மாத வாரியாக எடுத்து வையுங்கள். ஊரில் இருந்தபோது அங்கே வேறு சம்பள வேலை பார்க்கவில்லை என்பதும் உங்கள் பக்கம் பேசும். 2024, 2025 இரண்டு வருடத்துக்கும் அமெரிக்க வருமான வரியைக் குடியிருப்பாளர் என்றே தாக்கல் செய்திருக்க வேண்டும். 'வெளிநாட்டில் இருந்தேன், வரி மிச்சம்' என்று யாராவது குடியிருப்பாளர் அல்லாதோர் படிவத்தைப் போட வைத்திருந்தால், முதலில் ஒரு கணக்காளரைப் பாருங்கள். அது 'நான் அமெரிக்காவில் வசிக்கவில்லை' என்று நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும்.

எதற்காகப் போனீர்கள் என்பதற்கும் காகிதம் இருக்கிறது. பரஸ்பர சம்மத மனுவில் முதல் மனுவுக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காத்திருப்பைத் தக்க காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்றது. ஆனால் எல்லா நீதிமன்றமும் உடனே செய்துவிடுவதில்லை. மனுத் தேதி, விசாரணைத் தேதிகள், தீர்ப்புத் தேதி மூன்றையும் உங்கள் விமான டிக்கெட்டோடு சேர்த்து வைத்தால் ஏழு மாதத்தின் கதை தானே நிற்கும். நீதிமன்ற வேலைக்குப் போய், தீர்ப்பு வந்ததும் திரும்பியவர் வாழ்க்கையை மூடிவிட்டுப் போனவர் அல்ல. லீவுக் கடிதமும் வாடகையும் கையில் இருந்தால் 2026 ஜூனில் தைரியமாகப் போடுங்கள் என்பேன். வேலையையும் விட்டு வீட்டையும் காலி செய்துவிட்டுப் போயிருந்தால், பதில் வேறு. திரும்பி நான்கரை வருடம், அதாவது 2029 டிசம்பர் வரை பொறுப்பதுதான் பத்திரம். அப்போது திரும்பிப் பார்க்கும் ஐந்து வருடத்துக்குள் அந்தப் பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் விழாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நேர்காணலில் அதிக நேரம் அங்கேதான் போகும். கணவர் பேச்சு இல்லாத வழி என்றேன். ஆனால் கார்டு எப்படி வந்தது என்பதைக் குடியுரிமை அதிகாரி திரும்பவும் தோண்டலாம். சட்டப்படி சரியாகப் பெற்ற கார்டா என்று பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. படிவத்தில் ஐந்து வருட முகவரிகளையும் எழுத வேண்டும். 2023 நவம்பரில் வீடு மாறியது அதில் தெரியும், பத்து வருடக் கார்டு வந்தது 2024 அக்டோபரில் என்பதும் கோப்பில் இருக்கும். 'பிரிந்த பிறகும் ஏன் சொல்லவில்லை' என்று கேட்பார்கள். மனுப் போட்ட நாளில் சேர்ந்தே இருந்தீர்கள், மனு முடிவாகும்போது பிரிந்திருந்தீர்களே தவிர விவாகரத்து ஆகவில்லை. பிரிவு மட்டுமே கல்யாணத்தைப் பொய்யாக்காது. நேராகச் சொல்லுங்கள், முகவரித் தேதிகளை இழுத்தோ சுருக்கியோ எழுதாதீர்கள். குடிபெயர்ந்த பத்து நாளுக்குள் முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியைப் பலர் மறக்கிறார்கள். செய்யவில்லை என்றால் இன்றே செய்துவிடுங்கள்.

கல்யாணம் மனதார நடந்தது என்பதற்கான சான்றுகளை விவாகரத்தோடு தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சேர்ந்த வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வீட்டு ஒப்பந்தம், காப்பீடு, சேர்ந்து போட்ட வரி இவைதான் எடையுள்ளவை. நம் ஊர்க் கல்யாணத்துக்கு அதோடு இன்னொரு வரிசையும் இருக்கிறது. பத்திரிகை, மண்டப ரசீது, நிச்சயதார்த்தப் போட்டோ, பதிவுச் சான்றிதழ். மொய் நோட்டு இருந்தால் அதையும் எறியாதீர்கள். நானூறு பேர் கைக்காசு எழுதிய நோட்டை யாரும் பொய்க் கல்யாணத்துக்குத் தயார் செய்ய மாட்டார்கள். அதிகாரிக்குப் புரியாமல் போகலாம், கோப்பில் இருந்துவிட்டுப் போகட்டும்.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் குறைந்தது இரண்டு வாங்கியிருக்கிறீர்களா? வாங்கவில்லை என்றால் பாளையங்கோட்டை கோர்ட்டில் நகல் மனுப் போட ஊரில் யாரையாவது அனுப்புங்கள். தமிழில் இருந்தால் முழுவதும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் 'இரு மொழியும் எனக்குத் தெரியும், இது முழுமையானது, சரியானது' என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நோட்டரி முத்திரை தேவையில்லை. அதற்காக அலைந்து காசு கொடுக்க வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தீர்த்துவிட்டு, முத்திரைத்தாளில் எழுதி வாங்கியவர்கள் இன்னும் என்னிடம் வருகிறார்கள். சில சமூகங்களில் வழக்கப்படியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டம் 29(2) ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக இருப்பதை நிரூபிக்க வேண்டும், எழுதிக் கொடுத்த தாள் மட்டும் அதைச் செய்யாது. அமெரிக்க அலுவலகத்தின் முன் அதை நீட்டாதீர்கள், கோர்ட்டுக்குப் போய் வாருங்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கணவர் அமெரிக்க மாநிலக் கோர்ட்டில் தனியாக வாங்கிய தீர்ப்பு, மனைவி சம்மதிக்காமல், இந்துச் சட்டத்தில் இல்லாத காரணத்தில் வந்தால் இந்தியாவில் செல்லாது என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே விவாகரத்து ஆனவள், இங்கே மனைவி என்று நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் இருவரும் சம்மதித்து, கல்யாணம் நடந்த ஊரிலேயே வாங்கியிருக்கிறீர்கள். இந்தியப் பக்கம் அது உறுதியானது. மறுகல்யாணம் செய்து புதுக் கணவரை அமெரிக்கா அழைக்கும் நாள் வந்தால் மட்டும், இருவரும் நியூஜெர்சியில் குடியிருந்தபோது இங்கே தீர்ப்பு வாங்கியது ஏன் என்று கேட்பார்கள். அன்றைக்கு ஒரு குடியேற்ற வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய என்-400க்கு அது முட்டுக்கட்டை இல்லை.

குடியுரிமை நேர்காணலில் வைக்கும் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் புதிய தேர்வு. 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. தோழி படித்த 100 கேள்விப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெயர் விஷயம். என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம், தனிக் கட்டணம் இல்லை. அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைப்பதானாலும் சரி, உங்களுக்கு மட்டும் என்று ஒன்றை வைத்தாலும் சரி, குடியுரிமைச் சான்றிதழ் புதிய பெயரில் வரும். ஒரே நிபந்தனை, பெயர் மாற்றத்துக்கு நீதிபதி முன்னால் உறுதிமொழி எடுக்க வேண்டும். சில ஊர்களில் அந்த விழாவுக்குக் கொஞ்சம் காத்திருக்க நேரும். இதற்காக இப்போது இந்தியப் பாஸ்போர்ட்டை மாற்றி, நடுவில் இரண்டு பெயர்களோடு அல்லாட வேண்டாம் என்பது என் கருத்து.

உறுதிமொழி எடுத்த அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை தானாக முடிகிறது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், உறுதிமொழிக்குப் பிறகு அந்தப் பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் பிறப்பால் இந்தியக் குடிமகளாக இருந்தவர் என்பதால் ஓசிஐ உங்கள் சொந்த உரிமையில் வரும். கணவன் மூலம் ஓசிஐ பெற்றவர்களுக்குத்தான் விவாகரத்தில் அது ரத்தாகும் ஆபத்து.

கடைசியாக வயல். அம்மா தானசெட்டில்மெண்ட் எழுத வேண்டாம், குடியுரிமைக்கு முன்பும் வேண்டாம், பின்பும் வேண்டாம். அந்நியச் செலாவணி விதிகள் பார்ப்பது பாஸ்போர்ட்டை மட்டும் அல்ல, எங்கே வசிக்கிறீர்கள் என்பதையும். அமெரிக்காவில் வாழும் நீங்கள் இப்போதே வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கில்தான் இருக்கிறீர்கள். அந்த வகையினரும் ஓசிஐ வைத்திருப்பவரும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் வாங்கவோ தானமாகப் பெறவோ முடியாது. வாரிசாக வரலாம், அதற்குத் தடையில்லை. ஆகவே அம்மா உயில் எழுதிப் பதிவு செய்யட்டும். உங்கள் கைக்கு வந்த பிறகு விற்க நினைத்தால், இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே விற்கலாம். அம்பையில் உள்ள வீடோ வீட்டுமனையோ என்றால் இந்தத் தடை இல்லை, அம்மா இன்றைக்கே உங்கள் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதலாம்.